பணிக்கோட்டில் நாற்பத்தெட்டு நிமிடம்

மார்ச் பிறந்துவிட்டால் பிளாட் ஆற்றங்கரையில் பனி தன் வெண்மையை இழந்து, சாலை உப்பும் சேறும் கலந்த சாம்பல் நிறத்தில் வேலியோரம் ஒடுங்கிக் கிடக்கும். விடியலில் மண் உறைந்திருக்கும். உச்சிப்பொழுதில் நெகிழ்ந்து சக்கரத்தைப் பற்றும். அந்திக்குள் மீண்டும் கல்லாகும். அந்த நாட்களில்தான் தெற்கிலிருந்து நாரைகள் வந்திறங்கும். ஆறு முழுதும் சாம்பற்சிறகுகள். அறுவடை முடிந்த சோளக்காடுகளில் கால் மாற்றிக் கால் வைத்துச் சிந்திய மணி பொறுக்கும் பெருங்கூட்டம். அவை ஒருசேர எழுப்பும் ஓசை, பழைய தேவாலயத்து ஆர்கனின் தாழ்ந்த சுரம்போல் நெஞ்சுக்குள் அதிரும். படைத்தவனின் ஏட்டில் ஒவ்வொரு சிறகும் பிழையின்றிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று நம்பத் தோன்றும் பருவம் அது. முப்பத்தொரு ஆண்டுகளாக லாரியின் கண்ணாடி வழியே அதைக் கண்டு வருகிறேன்.

அந்தப் பருவத்தில்தான் என்னோடு லாரி ஓட்டும் ஓலீட்டாவைப் பொய்க்காரி ஆக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், 4417 என்ற எண்ணுள்ள டிரெய்லரைக் கியர்னி நகரத்து எங்கள் நிறுவன முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஓட்டம் முடிந்ததும் வண்டியைச் சோதித்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். கடைசி இருபது மைலில் பிரேக் தளர்ந்து பிடித்ததை என் கால் உணர்ந்திருந்தது. எனவே சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். பிரேக்கைத் தள்ளும் கம்பியில் மஞ்சள் வண்ணக்கோல் கொண்டு ஒரு கோடிட்டேன். வெளியே வந்து பிரேக்கை அழுத்திக் கட்டையால் முட்டுக்கொடுத்தேன். மீண்டும் நுழைந்து கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தேன். இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பின் அச்சின் இரு பக்கமும் இரண்டரையைத் தாண்டியிருந்தது. என் நெடுநாள் வழக்கப்படி அளவையும் தேதியையும், கம்பியைத் தள்ளும் பிரேக் கலத்தின்மேல் மஞ்சளால் எழுதினேன். எங்கள் நேரத்தைக் குறிக்கும் கருவியில் நான்கு கோடுகள் உண்டு: ஓட்டம், பணி, ஓய்வு, உறக்கம். அந்த நாற்பத்தெட்டு நிமிடமும் பணிக்கோட்டில் ஏறின. ‘பின் பிரேக் தளர்வு, சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது’ என்று அந்தக் கருவியிலேயே அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன்.

மறுநாள் காலை ஓலீட்டா அதே டிரெய்லரைத் தன் லாரியில் மாட்டினாள். ஓக்லஹோமாக்காரி, பத்தொன்பது ஆண்டு ஓட்டத்தில் ஒரு விளக்கைக்கூட உடைத்தவள் அல்லள். முந்தைய அறிக்கையைத் திறந்து என் குறையைப் படித்தாள். அதன் கீழே ‘சரிசெய்யப்பட்டது’ என்ற குறிப்பும் பட்டறையின் கையொப்பமும் இருந்தன. எங்கள் தொழிலில் அந்தக் கையொப்பம் சத்தியம். அதை நம்பித்தான் அடுத்தவர் வண்டியை எடுக்கிறார். அவள் விளக்கு, டயர், காற்றுக்கசிவு எல்லாம் பார்த்துத் தன் பெயரையும் அதன் கீழ் எழுதினாள். வியாழனன்று லாரமி நகருக்கு இறங்கும் மலைச்சரிவில் பிரேக் அவளைக் கைவிட்டது. முன்னால் சென்ற கார்களைக் காப்பதற்காக லாரியைத் தடுப்புச் சுவரோடு உராயவிட்டு நிறுத்தினாள். காலெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன.

வெள்ளிக்கிழமை நண்பகல், கியர்னிக்கு வெளியே லாரிகள் தங்கும் நிலையத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைத்தாள்.

“என்ன கெழவா, இன்னும் அந்தக் கழனித்தண்ணியத்தான் காப்பின்னு குடிக்கிறியா?”

“வலி எப்படி இருக்கு ஓலீட்டா?”

“சிரிச்சாத்தான் வலிக்குது. அதனால நீ பேசு, உன் பேச்சுல சிரிப்பே வராது.” சற்று மூச்சு வாங்கினாள். “டெல்மர், நான் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன்னு கம்பெனி போலீஸ்கிட்ட எழுதிக் குடுத்திருக்கு. அந்த டிரெய்லர்ல குறைன்னு யாருமே எழுதலையாம். நீ எழுதினதை என் கண்ணால பார்த்தேன். இப்ப இங்க கைபேசியில திறந்து காட்டினா, அந்தப் பக்கமே இல்ல.”

“நான் எழுதினேன்.”

“எனக்குத் தெரியும்யா. ஆனா அவங்ககிட்ட சொல்லணும்ல? என் உரிமம் போச்சுன்னா, இந்தக் காலோட நான் எங்க போவேன்?”

அவள் வைத்த சிறிது நேரத்தில் என் கருவி சிணுங்கியது; கூடவே கைபேசியும். வண்டிகளை அனுப்பும் மேசையிலிருந்து க்ளேட்டன். என் மகன் வயதுள்ளவன். ஒரு நாளும் லாரிக்கு அடியில் படுத்தறியாதவன்.

“டெல்மர், ஒரு சின்னத் திருத்தம் அனுப்பியிருக்கேன். எப்பவும்போல ஒத்துக்கிட்டீங்கன்னா முடிஞ்சுது.”

“என்ன திருத்தம்?”

“செவ்வாக்கிழமை அந்த நாப்பத்தெட்டு நிமிஷம். பணியிலேர்ந்து ஓய்வுக்கு மாத்தியிருக்கேன். உங்களுக்கும் நல்லதுதானே, வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான்ங்கிற கெடுவுல மிச்சமாகுது.”

“நான் சேத்துல மல்லாந்து கிடந்தேன் க்ளேட்டன். அதுக்குப் பேரு ஓய்வா?”

“படுத்துத்தானே இருந்தீங்க?” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. “என் அறிக்கை எங்க?”

“ஓய்வுல இருந்த ஆளு எப்படி அறிக்கை எழுதுவாரு? தவறுதலா ஏறினது, எடுத்தாச்சு. பாருங்க பெரியவரே, ஓலீட்டாவுக்கு இன்னொரு வேலை கிடைக்கும். கம்பெனி கவுந்தா நாப்பது குடும்பம் நடுத்தெருவுல.”

“அந்த பிரேக்கை யாராவது தொட்டாங்களா?”

“பட்டறையில அன்னைக்கு ஆள் இல்ல. சரக்கு போகவேண்டியிருந்துச்சு.”

“ஆள் இல்லாத பட்டறையில கையெழுத்து மட்டும் யாரு போட்டா?”

“ரொம்ப யோக்கியமாப் பேசாதீங்க.” அவன் குரல் மாறியது. “மூணு வருஷமா நான் அனுப்பின ஒவ்வொரு திருத்தத்துக்கும் தலையாட்டினவர்தானே நீங்க? கிடங்கு வாசல்ல அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் சரக்குக்காக நின்னதெல்லாம் உறக்கம்னு கிடக்கு. ஒண்ணைத் தோண்டினா எல்லாம் வெளிய வரும். உங்க உரிமமும் போகும். சாயங்காலத்துக்குள்ள அழுத்துங்க.”

அவன் சொன்னதில் நான் தலையாட்டியது மட்டும் மெய். நிறுவனம் நேரக்குறிப்பைத் திருத்தலாம், ஓட்டுநர் ஒப்பினால் ஒழிய அது நில்லாது என்பது விதி. அந்த விதியை எங்களுக்குக் கேடயமாகத் தந்தார்கள். நாங்களோ, வாசிக்காமல் விரலை வைத்து அதைத் துருப்பிடிக்க விட்டோம். கிடங்கின் கதவு எப்போது திறக்குமோ என்று கண் விழித்துக் காத்த இரவுகளை உறக்கம் என்றார்கள், ஒப்பினேன். பனியில் வழுக்காதிருக்கச் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டிய விடியலை ஓய்வு என்றார்கள், ஒப்பினேன். உழைத்தவன் உழைக்கவே இல்லை என்று அவன் விரலாலேயே எழுதவைக்கும் துணிவு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? என் விரலிலிருந்துதான் வந்தது. நான் தூங்கியதாக ஒப்பிய பொய்களின்மேல் ஏறி நின்றுகொண்டு, இன்று ஒருத்தியின் முறிந்த காலை அவள் குற்றம் என்கிறார்கள். என் சினம் அவர்களைச் சுட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்து, அங்கேயே நின்று எரிந்தது.

திரையில் இரண்டு கட்டங்கள்: ஒப்புகிறேன், மறுக்கிறேன். மறுத்தேன். காரணம் எழுதக் கேட்டது. ‘நான் பணியில் இருந்தேன். பின் பிரேக் இரண்டும் வரம்பு மீறித் தளர்ந்திருந்தன. அறிக்கை எழுதினேன். இதற்கு முன் நான் ஒப்பிய திருத்தங்களில் பல பொய். அவற்றுக்கும் நானே பொறுப்பு’ என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு ஓலீட்டாவை அழைத்தேன்.

“அந்த டிரெய்லர் இப்ப எங்க கிடக்கு?”

“லாரமியில, போலீஸ் முற்றத்துல. ஏன்?”

“சோதிக்க வர்ற அதிகாரிகிட்ட சொல்லு. பின் அச்சுல, பிரேக் கலத்துமேல இருக்கிற சேத்தைத் துணியால துடைச்சுப் பாக்கச் சொல்லு. மஞ்சள்ல என் கையெழுத்து இருக்கும். அளவும் தேதியும். கம்பியில கோடும் இருக்கும்.”

“கெழவா... உன்னை விடமாட்டானுங்களே.”

“விடவேண்டாம்.”

“சிரிச்சா வலிக்கும்னேன்ல,” என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணிக்கு அந்த அதிகாரியே என்னை அழைத்தார். சேற்றைத் துடைத்ததாகச் சொன்னார். எழுத்தைப் படம் எடுத்ததாகவும், கம்பி இன்னும் இரண்டரைக்கு மேலேயே நகர்வதாகவும் சொன்னார். ஓலீட்டாவின் மேலிருந்த குற்றச்சாட்டை நிறுத்திவைத்திருக்கிறார். திங்களன்று நான் நேரில் வந்து, என் மூன்று ஆண்டு நேரக்குறிப்புகளைப் பற்றியும் வாக்குமூலம் தர வேண்டும். வருகிறேன் என்றேன். அதற்குள் நிறுவனம் என் கருவியை முடக்கியிருந்தது. திரையில் நான்கு கோடுகளும் இல்லை.

நிலையத்தின் ஓரத்தில், சக்கரம் கழற்றிய பழைய டிரெய்லர் ஒன்றைச் சிற்றாலயமாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார ஆறு பலகைகள், ஒரு மரச்சிலுவை, விரித்து வைத்த விவிலியச் சங்கீதப் புத்தகம். யாரும் இல்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். கைக்குட்டையை நனைத்து, நகக்கண்ணில் நான்கு நாளாக ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைக்கப் பார்த்தேன், போகவில்லை. அந்தக் கைகளையே கூப்பி முழந்தாளிட்டேன். வெளியே நாரைகள் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஓலீட்டாவின் எலும்புகள் கூடட்டும். அவள் பெயர் அவளுக்கே திரும்பட்டும். நாளை ஏதோ ஒரு முற்றத்தில், முன்னவரின் கையொப்பத்தை நம்பி டிரெய்லரை மாட்டப்போகும் முகமறியாத கைகள் ஏமாறாதிருக்கட்டும். இறங்கும் ஒவ்வொரு சரிவிலும் பிரேக் பிடிக்கட்டும். எல்லோரும் வீடு சேரட்டும்.