பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

பினாங் தீவின் டத்தோ கிராமாட்டில் இருக்கும் அந்த கிளினிக்கில் ஃபஸீலாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் ஹஸ்ருலுக்கு அவள் அக்கா. மருந்துக் கவுண்டரில் இருக்கும் சலேஹாவுக்கும் அக்கா. கூட வேலை பார்க்கும் நர்ஸ் துளசி அவளைவிட மூன்றே மாதம் இளையவள். அந்த மூன்று மாதத்தையும் விட்டுக்கொடுக்காமல் அவளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வீட்டில் கணவர் இஸ்மாயில் மகன் பெயரைச் சேர்த்து ‘இம்ரானும்மா’ என்பார். தங்கமான மனிதர். ஆனால் மனைவியின் பெயரை அவர் நிக்காஹ் அன்று வாய்விட்டுச் சொன்னதோடு சரி.

இதெல்லாம் ஒரு குறையா என்றால், இல்லைதான். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டா இருப்பாள்? அவளும் இல்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் தயாளன் உள்ளே வரும்வரை.

குழந்தைகளுக்கு மூச்சு நின்றாலோ வலிப்பு வந்தாலோ முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பயிற்சி கொடுப்பவன் அவன். இரண்டு சனிக்கிழமைப் பயிற்சி. ஒரு கையில் பெட்டி, அதற்குள் ரப்பர் குழந்தை. தலையில் பாதி நரைத்திருந்தது. ஃபஸீலாவைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வைத்த பெட்டியையே மறுபடி தூக்கிக்கொண்டு நின்றான். அவள் “வாங்க சார்” என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காலத்தில் இருந்தார்கள். அவன் சுங்கை பாக்காப் ஊர்ப் பையன், லெட்சுமி அம்மாவுக்கு ஒரே பிள்ளை. வார்டு முனையில் நின்று “ஃபஸீ” என்று அவன் கூப்பிட்டால், கையில் இருப்பது எதுவானாலும் அவளுக்கு ஒரு கணம் நழுவும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் அவன் மதம் மாற வேண்டும், பெயரும் மாற்றிக்கொள்ளத்தான் வீட்டார் சொல்வார்கள். அவன் தயாராகத்தான் இருந்தான். எந்தப் பெயர் நன்றாக இருக்கும் என்று அவளிடமே கேட்டான். அவள்தான் வேண்டாம் என்றாள். லெட்சுமி அம்மா தன் பிள்ளையை வேறு பெயரால் கூப்பிடப் பழகுவதை நினைத்துப் பார்த்தாள், முடியவில்லை. “உன் பேர விட்டுட்டு நீ எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டாள். அப்போது அது பெரிய மனதாகத் தெரிந்தது. அப்புறம் எத்தனையோ நாள் அது வெறும் முட்டாள்தனமாகத் தெரிந்தது.

முதல் ஒத்திகை படு கேவலமாகப் போனது. ரப்பர் குழந்தைக்கு இதயம் நின்றுவிட்டதாகக் கணக்கு. ஹஸ்ருல் தலைவர். “அக்கா, அட்ரினலின்!” என்று கத்தினார். சலேஹா துளசியைப் பார்த்தாள். துளசி ஃபஸீலாவைப் பார்த்தாள். ஃபஸீலா ‘நீயா நானா’ என்று கண்ணாலேயே கேட்டாள். மூன்று அக்காக்களும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றதில் இருபது விநாடி போய்விட்டது.

“டாக்டர், எந்த அக்கா?” என்றான் தயாளன்.

“எப்படி சார் பேர் சொல்றது? எல்லாம் என்னவிட மூத்தவங்க லா” என்றார் ஹஸ்ருல், காது சிவந்து.

“உங்க மரியாதையெல்லாம் சரி. பிள்ளைக்கு மூச்சு இல்லையே. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டவங்க, சொன்னத திருப்பிச் சொல்லணும். செஞ்சதும் ‘செஞ்சாச்சு’ன்னு சொல்லணும். அவ்வளவுதான், மந்திரமெல்லாம் இல்ல.”

பிறகு, எப்படி என்று காட்டுவதற்கு அவனே தலைவனாக நின்றான். “துளசி, மூச்சுப் பை பிடிங்க.” “மூச்சுப் பை பிடிக்கிறேன்.” “டாக்டர் ஹஸ்ருல், நெஞ்ச அழுத்துங்க.” “அழுத்துறேன்.” ஃபஸீலா காத்திருந்தாள். அடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் குழந்தையாவது, இதயமாவது. அந்த வாயிலிருந்து தன் பெயர் வரப்போகிறது என்பது ஒன்றுதான் அவளுக்கு உலகத்தில் நடந்துகொண்டிருந்தது.

தயாளன் அவள் பக்கம் திரும்பினான். வாய் திறந்தது. “நீங்க... அட்ரினலின் குடுங்க” என்றான்.

சலேஹா தன்னைத்தான் சொன்னான் என்று நினைத்து ஒரு ஊசியைப் போட்டாள். ஃபஸீலாவும் போட்டாள். ரப்பர் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து ஏறிவிட்டது.

“சார்! நீங்களே பேர் சொல்லலியே!” ஹஸ்ருலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தயாளனும் சிரித்து, “பாத்தீங்களா, இதுதான் நடக்கும்” என்று வேண்டுமென்றே செய்ததுபோல் சமாளித்தான். ஃபஸீலா மட்டும் சிரிக்காமல் காலி ஊசியைத் தட்டில் வைத்தாள். மறந்திருந்தால் சொல்லியிருப்பான். மறக்காததால்தான் சொல்ல முடியவில்லை. அந்த நினைப்பு இனித்தது, அதோடு அவளுக்குக் கோபமாகவும் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் அவளாக இல்லை. ஒரே ஒரு தடவை, அவன் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன் என்று தன்னோடு பேரம் பேசிக்கொண்டாள். வியாழக்கிழமை சோறு போடும்போது இஸ்மாயிலிடம், “என் பேர சொல்லுங்க பாப்போம்” என்றாள். மனிதர் பயந்துபோய், “ஏன், பிரஷர் மாத்திரை போடலியா?” என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டுக் கூடுதலாக ஒரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை. பயிற்சி இரண்டு மணிக்கு. தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசல் இல்லையென்று தயாளன் பன்னிரண்டரைக்கே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். கிளினிக்கை மூடும் நேரம். சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து ஒருவர் மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“முந்திரி பிஸ்கட் தின்னா டாக்டர், அவ்ளோதான்! மூஞ்செல்லாம் வீங்கிப்போச்சு!”

குழந்தையின் உதடு தடித்திருந்தது. மூச்சு விசிலடித்தது. படுக்கையில் போட்டார்கள். ஃபஸீலா ஆக்ஸிஜன் குழாயை மாட்டினாள். ஹஸ்ருல் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், போன வாரம் படித்ததெல்லாம் பறந்துபோய், “அக்கா, அட்ரினலின்! அக்கா!” என்று கத்தினார்.

சலேஹா துளசியைப் பார்த்தாள். துளசி ஃபஸீலாவைப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்த அதே கூத்து, இப்போது நிஜக் குழந்தையின் முன்னால். விசில் சத்தம் மெலிந்துகொண்டே போனது. மூச்சே உள்ளே போகவில்லை என்று அர்த்தம், அதுதான் பயம்.

“ஃபஸீ!”

கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. தயாளன் எழுந்து நின்றிருந்தான். “அட்ரினலின், பாயிண்ட் ஒன் ஃபைவ், தொடையில!”

“அட்ரினலின், பாயிண்ட் ஒன் ஃபைவ், தொடையில” என்றாள் அவள். கை தானாக மருந்தை எடுத்தது, அளந்தது, சிறு தொடையில் குத்தியது. “குடுத்தாச்சு.”

இரண்டு நிமிடம் போனது. பிறகு குழந்தை இருமியது, திணறியது, கடைசியில் ஊரையே கூட்டுவதுபோல் அழுதது. அவ்வளவு அழகான அழுகையை அவர்கள் யாரும் கேட்டதில்லை. குழந்தையின் அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, துளசி கூடவே போனாள். ஒரு மணி நேரத்தில், பிள்ளை நன்றாக இருக்கிறது, ஐஸ்கிரீம் கேட்கிறது என்று போன் செய்தாள்.

நடந்ததை உட்கார்ந்து பேசுவதும் பயிற்சியில் ஒரு பாகம். “தப்பு என்னோடது, அக்கான்னு கூப்பிட்டுட்டேன். சார்தான் காப்பாத்துனாரு” என்றார் ஹஸ்ருல்.

சலேஹாவுக்கு வேறொரு சந்தேகம். “ஆனா சார், லிஸ்ட்ல ஃபஸீலான்னுதானே இருக்கு? ஃபஸீன்னு கூப்பிட்டீங்க. அதும் போன வாரம்தான் பாத்தீங்க!”

தயாளன் காகிதங்களை அடுக்கினான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். “அவசரத்துல சுருக்கிட்டேன். முழுப் பேர் சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“எனக்குக் கேட்டுச்சு சார்” என்றாள் ஃபஸீலா. “தப்பில்ல.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “ஆறு மாசத்துல மறுபயிற்சி இருக்கு. அதுக்கு வேற ஆள அனுப்புறேன்” என்றான். ஹஸ்ருல், “ஏன் சார், நீங்களே வாங்களேன்” என்றார். வேலை அதிகம் என்றான் தயாளன்.

பெட்டியைக் காரில் வைக்க அவள் கூடப் போனாள். ‘நீயே வா’ என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு பலம் வேண்டியிருந்தது. “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“போயிட்டாங்க. எட்டு வருஷமாச்சு” என்றான். “கடைசி வரைக்கும் என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.”

அவள் தலையாட்டினாள். கார் பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. வாரம் முழுக்க ஒரே ஒரு தடவை போதும் என்று பேரம் பேசியவள், அது போதவே போதாது என்பதை வாசலில் நின்றபடி தெரிந்துகொண்டாள்.

பயிற்சி பலித்துவிட்டது. இப்போதெல்லாம் அந்த கிளினிக்கில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் கூச்சப்பட்ட ஹஸ்ருல் கூட இப்போது ஒரு நாளைக்கு முப்பது தடவை “ஃபஸீலா!” என்கிறார். அவளும் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, செய்து முடித்து, ‘செஞ்சாச்சு’ என்கிறாள். ஆனால் அந்த முப்பது தடவையும், கூப்பிட்டது யார் என்று தெரிந்தே, அவள் முதலில் வாசலைத்தான் பார்க்கிறாள்.