சஹருக்கு மூன்று குளிசை

தறிச் சத்தம் நின்றுவிட்டால் முனவ்வறாவுக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் என்ன கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் பின்கொட்டிலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். அங்கே அவளுடைய கணவர் சீனிமுகம்மது அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பார். "என்ன புள்ள?" என்பார். "ஒண்டுமில்ல மச்சான்" என்று திரும்பி வருவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். நெசவு ஊரான மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டுத் தலையிடி வந்தவர்கள் நிறையப் பேர். கேட்காமல் தலையிடி வந்தவள் இவள் ஒருத்திதான்.

காரணம் இல்லாமல் இல்லை. சுனாமி அவர்களுடைய ஒரே மகள் ஸஹ்றாவைக் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயது. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய சீனிமுகம்மதுவின் மேல் மதில் சரிந்தது. முழங்கால் நசுங்கியது, பிள்ளையின் கை நழுவியது. கால் ஒருமாதிரி ஒட்டிக்கொண்டது, மனிதர்தான் ஒட்டவில்லை. முகாமிலும் பிறகு பலகை வீட்டிலும் ஏழு மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், கதைக்க மாட்டார். நிவாரணக்காரர்கள் ஒரு தறியைக் கொடுத்து, நாலு பேர் பிடித்து அதில் உட்கார வைத்த அன்றுதான் வாய் திறந்தார். "இது மட்டமான நூல்" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் பேசியது அவ்வளவுதான். முனவ்வறா அதைக் கேட்டு ஓவென்று அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: தறி ஓடினால் மனிதர் தன்னோடு இருக்கிறார், நின்றால் மறுபடி சுவர்ப் பக்கம் போய்விடுவார்.

சுனாமி வந்து நாலரை வருடம் போனது. யுத்தமும் முடிந்தது. முடிந்த பிறகு வந்த முதல் நோன்பு அது. ரோட்டில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தன. வெளியூர் முதலாளிமார் பயமில்லாமல் வந்து பெருநாளுக்கு உடுக்கும் சாரனுக்கு ஓடர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் முழுக்கத் தறி ஓடியது. சீனிமுகம்மதுவின் முழங்கால் மட்டும் சண்டித்தனம் பண்ணியது. தறிக்குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்க மிதிக்க, பின்னேரம் அசர் நேரத்துக்குள் அது வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் நோன்பன்று முனவ்வறா மருந்து விற்கும் ஹாஜியாருடைய பாமசிக்குப் போனாள். அவருக்கு முழங்கால் நோவு என்றாள். ஆளுக்கு வயது என்ன, வயிற்றில் ஏதும் வருத்தம் இருக்கிறதா, வேறு மருந்து குடிக்கிறாரா என்று ஹாஜியார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் குறையாதே! கடதாசி உறையில் வெள்ளைக் குளிசைகளைப் போட்டு, "காலையில ஒண்டு, பகல் ஒண்டு, ராவைக்கு ஒண்டு. சாப்பிட்ட பொறகு" என்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். விற்றவர் நோன்பு, வாங்கியவள் நோன்பு, குடிக்கப்போகிறவரும் நோன்பு. பகல் குளிசையை எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது என்று அந்த இடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நோவு வருவது பகலில். பகல் குளிசையையும் விடியமுன் சாப்பிடும் சஹருக்கே சேர்த்துக் கொடுத்துவிட்டால் பகல் முழுக்க வேலை செய்யும்தானே? தனக்கு இவ்வளவு மூளை இருக்கிறதா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. சஹருக்கு இரண்டு, நோன்பு திறந்து ஒன்று என்று வைத்துக்கொண்டாள். சீனிமுகம்மது சஹரில் நாலு வாய் தயிர்ச்சோறு தின்பதே பெரிய காரியம். பாங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் கையை நீட்டுவாள். அவர் தூக்கக் கலக்கத்தில் எத்தனை என்று பார்க்காமல் வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சரிந்துவிடுவார். அதற்குப் பிறகு பொழுதுபட்டு மஹ்ரிப் ஆகும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

தறி ஓடியது. முனவ்வறா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஆனால் இருபதாம் நோன்பன்று நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்பே சத்தம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அடுத்த சஹருக்கு ராவைக் குளிசையையும் சேர்த்து மூன்றாகக் கொடுத்தாள். அவரிடம் சொல்லவில்லை. அன்று தறி அசர் தாண்டியும் ஓடியது, அதற்கடுத்த நாளும் ஓடியது.

ஆனால் மனிதர் ஓடாமல் போய்க்கொண்டிருந்தார். நோன்பு திறந்தால் கஞ்சியை ஒதுக்கிவிட்டு வயிற்றைப் பொத்திக்கொண்டு இருந்தார். கேட்டால் வாய்வு, கேஸ் என்றார். முகம் வெளிறிக்கொண்டு வந்தது. இருபத்தைந்தாம் நோன்பன்று கக்கூஸ் கழுவப் போனவள், ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரிக் கறுப்பாகக் கிடந்ததைக் கண்டு திடுக்கிட்டாள். "ஈத்தம்பழம் கூடிப் போச்சி" என்றார் அவர். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். ஈத்தம்பழம்தான், வேறென்ன! அவர் அந்த நோன்பு முழுக்க ஒன்றுக்கு மேல் ஈத்தம்பழம் எடுத்ததில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இருபத்தேழாம் நோன்பன்று காலையில் குளிசை முடிந்துவிட்டது. வெற்று உறையோடு பாமசிக்குப் போனாள். ஹாஜியார் இல்லை. மருந்து படித்துவிட்டு வந்த அவருடைய மருமகள் சுல்பிகா இருந்தாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கு ராத்தா?"

"எங்கட அவருக்கு. கால் நோவு."

"அவர் நோன்பா?"

"ஓம். ஒரு நோன்பும் உடல்ல."

"அப்ப பகல் குளிசய எப்ப குடுக்கீங்க?"

இருபத்துநாலு நாளாக யாரும் கேட்காத கேள்வி. நோன்பு திறந்து கொடுப்பதாக முனவ்வறா முதலில் ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள். சுல்பிகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் நிற்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மூணயும் ஒண்டாவா? அவருக்கு வயித்து நோவு இரிக்கா?"

"வயித்தப் பொத்திக்கிட்டு இரிக்கார். கேஸ் எண்டு செல்லுறார்."

சுல்பிகா குரலைத் தாழ்த்தினாள். "வெளிய போறது கறுப்பாப் போகுதா? தார் மாதிரி?"

முனவ்வறா கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, அது ரெத்தம். இந்தக் குளிசை கூடினா வயித்துக்குள்ள புண்ணாக்கும். பட்டினி வயித்தில இன்னும் மோசம். நோன்பு தெறந்துட்டுப் போவம் எண்டு நிக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அவர் குடிச்ச மருந்தெல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க."

பாமசியிலிருந்து வீட்டுக்குக் கால் மைல் இருக்காது. அன்றைக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய தறியின் சத்தம் அவளுக்குத் தனியே தெரியும். நொந்த கால் பிந்தி மிதிப்பதால் ஒரு அடி கொஞ்சம் தாமதித்து விழும். அந்தத் தாமதத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தாள், பிறகு ஓடினாள். ஒழுங்கை முனைக்கு வந்தும் அது கேட்கவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

சீனிமுகம்மது தறிக்குழியில் காலை விட்டபடி நெய்த துணியின் மேல் தலையைச் சாய்த்திருந்தார். உதடு வெள்ளையாக இருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை.

"தல சுத்துது. நோன்புக் களைப்பு" என்றார்.

"எழும்புங்க மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பைத்தியமா உனக்கு? அங்க போனா சேலைன் ஏத்துவானுகள், நோன்பு முறிஞ்சிரும். இண்டைக்கி இருவத்தேழாம் நோன்பு, பெரிய நாள்."

"வருத்தக்காரனுக்கு நோன்ப உட அல்லாஹ்வே செல்லியிரிக்கான். எழும்புங்க."

"எனக்கு என்ன வருத்தம்? கொஞ்சம் படுத்தாச் சரி."

படுத்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை திரும்பி எழும்ப மாட்டார் என்பதும் தெரிந்தது. உண்மையைச் சொல்லாமல் இந்த மனிதரை அசைக்க முடியாது. சொன்னால் தன்னை என்ன நினைப்பார்? நினைக்கட்டும். குழி ஓரத்தில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்தாள்.

"களைப்பு இல்ல மச்சான். நான்தான். சஹருக்கு ஒரு குளிசை தாற இடத்தில ரெண்டு தந்தன், ஒரு கிழமையா மூணு தாறன். உங்கட வயித்துக்குள்ள ரெத்தம் போகுது. நான்தான் செஞ்ச."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "மூணா?" என்றார். கோபம் என்று நினைத்தாள். ஏசட்டும், அடிக்கட்டும், எழும்பினால் போதும். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, வாந்திதான் வந்தது. பாதி நெய்த சாரனின் மேல் கோப்பி மண்டி மாதிரிக் கறுப்பாகப் பரவியது. முனவ்வறா போட்ட கூக்குரலில் பக்கத்து வீட்டு பக்கீர் முகைதீன் ஓட்டோவோடு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கனகரெத்தினம் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து குடித்தவர் என்பது. முனவ்வறா வெற்று உறையை நீட்டினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அந்த நேரம் நேர்ஸ், நோயாளியின் சேர்ட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். பையில் ஏதோ கரகரத்தது. எடுத்துப் பார்த்தால் ரோசா நிறக் குளிசை அட்டை. பத்தில் இரண்டுதான் மிச்சம்.

"இது ஆர் குடுத்த?" என்றார் டொக்டர்.

"தெரியா டொக்டர். நான் இதக் கண்டதே இல்ல."

"ரெண்டும் ஒரே சாதி மருந்தம்மா. பேரும் நிறமும்தான் வேற. ஒண்டைக் குடிக்கிற ஆள் மற்றதைச் சேத்துக் குடிக்கவே கூடாது. ரெத்தம் ஏத்தப் போறம். இப்ப ஒண்டும் உறுதியாச் சொல்ல ஏலாது."

அன்று முனவ்வறா நோன்பு திறந்தது வார்டுக்கு வெளியே ஒரு குழாய்த் தண்ணீரில். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கியது, நெஞ்சுக்குள் அந்த அட்டை நின்றது. தனக்குத் தெரியாமல் ஏன் வாங்கினார்? ஏன் ஒளித்தார்? ஸஹ்றாவிடம் போய்விட நினைத்தாரா? இதைக் கேட்காமல் அவர் மௌத்தாகிவிட்டால் தான் எஞ்சிய காலத்தை என்ன செய்வது என்று நினைத்து நினைத்து வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தான் கொடுத்தது பாதி, அவர் எடுத்தது பாதி என்று ஆறுதல்பட அவளால் முடியவில்லை.

மறுநாள் பகல் பார்வை நேரத்தில் டொக்டர் வந்து, ரெத்தக் கசிவு நின்றுவிட்டது, ஆள் தப்பிவிட்டார் என்றார். இனி அந்த இனக் குளிசையை வாழ்நாளில் தொடக் கூடாது, காலுக்கு வேறு வழி பார்க்கலாம், கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார். அவர் போனதும் முனவ்வறா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ரோசாக் குளிசை எங்கால?" என்று கேட்டாள்.

சீனிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சந்திக் கடையில வாங்கின. ராவைக்கு தறாவீஹ் தொழுது முடிஞ்சி வரக்குள்ள. நீ சஹருக்குத் தண்ணி எடுக்கப் போகக்குள்ள ரெண்டு போடுவன். நீ மூணு தாறது எனக்கெங்க தெரியும்?"

"என்னத்துக்கு மச்சான்? உண்மையச் செல்லுங்க. மௌத்தாகவா?"

அவர் கண்ணைத் திறந்தார். "சீ, என்ன கதை கதைக்காய்! கால் நோவுக்குத்தான்."

"நொந்தா தறிய நிப்பாட்டியிரிக்கலாமே."

"நிப்பாட்டினா நீ ஓடி வந்து எட்டிப் பாப்பாய்" என்றார் அவர். "உன்ட அந்த மொகத்தப் பாக்க என்னால ஏலா புள்ள. அதுக்குத்தான் ஓட்டின."

அவளுடைய பயத்துக்காக அவரும், அவருடைய துயரத்துக்காக அவளும், ஒரே வயிற்றுக்குள் இரண்டு பக்கத்தாலும் குளிசை போட்டிருக்கிறார்கள். வார்டு என்றும் பார்க்காமல் முனவ்வறா அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இனி நொந்தா நோகுதெண்டு செல்லுங்க. தறி நிண்டா நிக்கட்டும். நான் பயந்தாப் பயந்துட்டுப் போறன்."

"ம்."

"இப்ப நோகுதா?"

அவர் வழக்கம்போல் இல்லை என்று தலையை ஆட்டப் போனார். ஆட்டவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் புள்ள. நல்லா நோகுது" என்றார்.

நாலரை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.