டெஸ் வாசித்துக் காட்டிய காகிதம்

டெஸ் பாஸ்கோவின் மடல் வியாழக்கிழமை காலை வந்தது. பாடிமெலன் என்ற கணினி இயங்குதளத்துக்குச் சேர்ந்து நிரல் எழுதுகிற எல்லாருக்கும் ஒரே மடல். அவர்களுடைய சங்கத்தின் தலைவன் என்ற முறையில் எழுதியிருந்தான். பாடிமெலனின் உரிமைகளை மெல்போர்னில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் சங்கம் ஒப்படைத்துவிட்டதாம். இதுவரை எல்லாருக்கும் திறந்திருந்த நிரலை அடுத்த பதிப்பிலிருந்து வெளியாள் யாரும் பார்க்க முடியாதாம். திரையை வாசிக்கும் குரலை மட்டும் தனியாக விற்பார்களாம். கடைசியில் எல்லாருக்கும் நன்றி வேறு.

அந்தக் குரலை எழுதியவள் மெரின் ஹாடோ. ஹோபார்ட்டில் தனியாக வசிப்பவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுச் சொல்ல, அவள் காதால் கேட்டு வேலை செய்வாள். அவள் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு வண்டு இரைவதுதான் கேட்கும். இருபத்தாறு வயதில் அவள் நம்பியிருந்த குரல் மென்பொருளை அதன் முதலாளிகள் ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்ததை யாரும் தொட முடியாதபடி பூட்டியிருந்ததால் திருத்தவும் வழியில்லை. ஒன்பது மாதம் கணினி ஊமையாகக் கிடந்தது, இருந்த வேலையும் போயிற்று. இனி எவனும் பிடுங்க முடியாத ஒன்றை நாமே எழுதிக்கொள்வோம் என்று உட்கார்ந்தவள், பதினான்கு வருஷம் எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், பூட்டிவைக்க மட்டும் கூடாது. அதுதான் அவள் போட்ட உரிமம். எழுதியவள் சம்மதிக்காமல் அதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது.

அப்படியானால் சம்மதித்தது யார்?

அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், டெஸ் வீட்டுச் சமையலறையில், சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எவனாவது நம் நிரலைத் திருடினால் வழக்குப் போட வேண்டும், அதற்கு எல்லாருடைய உரிமையும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், வக்கீல் காகிதத்தில் மையால்தான் கையெழுத்துக் கேட்கிறார் என்று டெஸ் சொன்னான். மூன்று பக்கத்தையும் அவனே வாசித்துக் காட்டினான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஸ்கேல் வைத்துக் காட்டினான். சங்கத்தில் கண் இருந்த மற்றவர்களும் அதைப் படிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நிரலில் ஒரு காற்புள்ளி மாறினால் மூன்று நாள் சண்டை போடும் கூட்டம் அது. ஆனால் அந்த மூன்று பக்கத்தை ஒருத்தர்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. டெஸ் நீட்டினான், போட்டார்கள்.

மெரின் தன் பிரதியைத் தேடி எடுத்துக் கைபேசியால் படம் பிடித்தாள். கைபேசி வாசித்தது. ஏழாவது பத்தி: "சங்கம் இப்படைப்பை எந்த நிபந்தனையின் கீழும், மூடிய வடிவிலும், வெளியிடலாம். இவ்வுரிமையைப் பிறருக்கும் மாற்றித் தரலாம்." மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் தடவையும் ஓடவிட்டாள். அவள் காதில் அது ஒரு நாளும் விழுந்ததில்லை.

அதற்குள் ஹெட்லி நன் அழைத்துவிட்டான். பாடிமெலனைக் கணினியில் நிறுவித் தரும் பகுதி அவன் பொறுப்பு. இதுவரை வெளியிட்டதை யாராலும் திரும்ப வாங்க முடியாது, கடைசிப் பதிப்பை எடுத்து வேறு பெயரில் நாமே நடத்துவோம் என்று படபடவென்று பேசினான். சரி என்றாள். அவள் மனம் அதில் இல்லை. டெஸ் தவறவிட்டானா, மறைத்தானா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வரி தாவியிருக்கலாம். இரண்டு தாள் ஒட்டியிருக்கலாம். அப்படி இருக்கட்டும் என்று வெட்கத்தை விட்டு வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம், சங்கம் மாதாமாதம் கூடும் மூனா பகுதிச் சமூகக்கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். டெஸ் அன்றைக்கும் ஸ்காலப் பை பெட்டியோடு வந்தான். அவன் துணிச்சலைச் சொல்ல வேண்டும். எல்லாரும் பிடிபிடியென்று பிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. நமக்கு வயதாகிறது, புதிதாக யாரும் வருவதில்லை, இரண்டு வருஷத்தில் தானாகச் சாகப் போவதை ஒருத்தன் எடுத்து வளர்க்கிறேன் என்றால் கசக்கிறதா என்று கேட்டான். இரைச்சல் அடங்கட்டும் என்று மெரின் காத்திருந்தாள். பிறகு காகிதத்தை நீட்டினாள்.

"டெஸ், இதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுப்பா. எதுல கையெழுத்துப் போட்டேன்னே மறந்துபோச்சு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

வாசித்தான். நல்ல குரல் அவனுக்கு, செய்தி வாசிப்பவன் மாதிரி அவசரமில்லாத குரல். மேஜைக்கடியில் அவள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து. ஆறு. தாள் புரளும் சத்தம். அடுத்து அவன் வாசித்தது எட்டாவது பத்தி.

"அவ்ளோதான்," என்று முடித்துத் தாளை மேஜையில் வைத்தான்.

மெரின் ஏழாவதை மனப்பாடமாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஹெட்லி தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றான்.

"அன்னிக்கு அதை வாசிச்சிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?" என்றான் டெஸ். அவன் குரலில் வருத்தம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"மாட்டேன்."

"அதான் வாசிக்கல. யாராவது ஒருத்தர் நாளைக்கும் சேர்த்து யோசிக்கணும்ல."

"அன்னிக்கு விட்டதுக்குக் காரணம் சொல்லிட்ட. இன்னிக்கு ஏன்டா விட்ட?"

டெஸ் எழுந்தான். நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்து மூடியது. மெரின் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள்.

ஹெட்லி காரில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் புதுப் பெயர் என்ன வைக்கலாம் என்று பேசினான். வீட்டுக்குள் வந்ததும் அவள் அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன், சாவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா பர்னி ஊரிலிருந்து எழுதியது. அந்தக் கோணல் எழுத்து எந்த இயந்திரத்துக்கும் பிடிபடாது. வந்த அன்றைக்கு வாசித்துக் காட்டியவன் டெஸ்தான்.

"நல்லதோ கெட்டதோ, ஒரு சொல் விடாம வாசி," என்றாள்.

ஹெட்லி வாசித்தான். அவளுக்கு நினைவிருந்தபடியேதான் வந்துகொண்டிருந்தது. பாதியில் தயங்கி நின்றான்.

"வாசி, ஹெட்லி."

"'உன் சிநேகிதன் டெஸ் ரொம்ப இனிக்க இனிக்கப் பேசுறான். அவன்கிட்ட ஜாக்கிரதையா இரு, கண்ணு.'"

அதுவும் அவளுக்குப் புதிதில்லை. அந்த வரியை அன்று டெஸ் ஒரு சொல் குறைக்காமல் வாசித்துவிட்டு விக்கல் வரச் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். இனிமேல் இவன் வாசிக்கும் எதையும் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கத் தேவையில்லை என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.