நாற்பத்து நான்கு ரிப்பன்

எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதை நடத்தி முடித்ததும் நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஓசூரில் அந்தக் காலத்து கலெக்டர் துரை ஒருவர் சீமைக் கோட்டை மாதிரியே கட்டிய மாளிகை ஒன்று இடிந்து கிடக்கிறதாமே, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் என்ன என்று தலைமையாசிரியை அருள்மேரி அம்மாளிடம் கேட்டுவிட்டேன்.

"நல்ல யோசனை சாராள். நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்றார் அவர். யோசனை சொன்னவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் கிருஷ்ணகிரிப் பள்ளியின் வழக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கம் எனக்கு அப்போது தெரியாது.

இருபத்திரண்டு பெண்கள். இருபத்தொரு வீட்டிலும் சம்மதம் வாங்கியாகிவிட்டது. மிச்சம் காவேரி. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாதப்பனின் மகள், விடுதியில் தங்கிப் படிக்கிறவள், வகுப்புத் தலைவி, கணக்கில் புலி. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவை வரவழைத்துவிட்டாள். அவர் பள்ளிக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"டீச்சரம்மா, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என் மூத்தவ சென்னம்மா ஓசூர்லதான் இருக்கறா. மாட்டுப் பண்ணையில வேல செய்யற இன்னாசிமுத்துன்னு ஒருத்தன், வேற சாதி, வேற மதம், அவனக் கட்டிக்கினு போயிட்டா. எங்களுக்கு அவ இல்லைன்னு ஆயிப்போச்சு. காவேரி அவளப் பாக்கக் கூடாது. பாத்தான்னு தெரிஞ்சா அன்னியோட இஸ்கூல நிறுத்தி ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்."

"நான் பொறுப்புங்க. கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டுவந்து விடுவேன்" என்றேன். இருபத்து நான்கு வயதில் வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. வாடகை பஸ்ஸின் டிரைவர் தீர்த்தகிரி ஏறும்போதே எச்சரித்தார். ஆறு மணிக்கு அவர் பர்கூரில் ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தை ஏற்ற வேண்டுமாம். குந்தாரப்பள்ளி தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். சூளகிரியில் ஒருத்தியின் செருப்பு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே செருப்புக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

எண்ணுவதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். தலையை எண்ணினால் குனிவார்கள், சாய்வார்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி படுப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, பச்சை ரிப்பன். பஸ்ஸின் பின் படியில் ஏறி நின்று பார்த்தால் இருக்கைக்கு மேலே ரிப்பன் மட்டும் தெரியும். நாற்பத்து நான்கு இருந்தால் சரி. எனக்குப் பிறகு காவேரி ஒரு தடவை எண்ணி, "சரி டீச்சர்" என்பாள். இந்த முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கோட்டை பிள்ளைகளை ஏமாற்றிவிட்டது. ராஜா, பனி, தொங்குபாலம் என்று என்னென்னவோ நினைத்து வந்தவர்களுக்கு இடிந்த சுவரும், சுவரில் முளைத்த ஆலஞ்செடியும், உள்ளே மேய்கிற நாலு ஆடும் கிடைத்தன. "டீச்சர், ஐரோப்பா இவ்ளோதானா?" என்றாள் ஜெயசெல்வி. அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். எனக்கும் அதே சந்தேகம்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் இருக்கும் பக்கமெல்லாம் முள். பானைத் தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துபோனது. காவேரியை என் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். யாராவது பெண்பிள்ளை தூரத்தில் நடந்து வந்தால் அது சென்னம்மாளோ என்று எழுந்து நின்று பார்த்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. ஒரு கவளம் புளிச்சோறு கூட இறங்கவில்லை.

இரண்டேகால் மணிக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண் கூடையோடு வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் கூட்டம் ஐந்து நிமிடத்தில் கூடையைக் காலி செய்தது. அதே நேரத்தில் ஒருத்திக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவளைப் படுக்க வைத்து, ரேடியேட்டருக்கென்று டின்னில் வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டு, மற்றவர்களை விரட்டி, நிமிர்ந்து பார்த்தபோது தீர்த்தகிரி எதிரில் நிற்கிறார்.

"கெளம்பலாங்களா? இங்க என்னா இருக்குது பாக்கறதுக்கு?"

மூன்றரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. மணி இரண்டே முக்கால்தான். ஆனால் எனக்கும் போதும் போதும் என்றிருந்தது. எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொன்னேன். பின் படியில் நின்று எண்ணினேன். நாற்பத்து நான்கு. "சரி டீச்சர்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. காவேரியின் குரல் அப்படிக் கீச்சென்று இருக்காது. அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சூளகிரியில் தண்ணீருக்காக வண்டியை நிறுத்தினோம். நான் முன்பக்கம் போய் ஒவ்வொருத்தியாகத் தம்ளரைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். ஜெயசெல்வியின் பக்கத்தில் இருந்தவள் தம்ளரை வாங்கிக்கொண்டு தெலுங்கில் கேட்டாள். "அக்கா, ஈ பஸ்ஸு எக்கடிக்கி போதுந்தி?"

வெள்ளரிப்பிஞ்சுக்காரி. இந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்கிறாள். தலையில் இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், மடியில் காலிக் கூடை.

"காவேரி எங்கட்டி?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு என் ஊர்ப் பேச்சு வந்துவிடும். ஜெயசெல்வி அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது விஷயம். சென்னம்மாளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாம். விடுதிக்குத் துணி வெளுக்க வருகிறவள் மூலம் காவேரி அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஏரிக்கரையில் வீடு. மூக்கில் ரத்தம் வந்த நேரத்தில் ரிப்பனை அவிழ்த்து இந்த முனிலட்சுமிக்குக் கட்டிவிட்டு, தன் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறாள். மூன்றேகாலுக்குள் வந்துவிடுவாளாம். பஸ் நகர்ந்ததும் முனிலட்சுமிக்கு ஒரே சந்தோஷம். முதல் பஸ் சவாரி. ஜெயசெல்விக்குப் பயத்தில் வாய் வரவில்லை, "சரி டீச்சர்" மட்டும் வந்திருக்கிறது.

என் ரிப்பன் கணக்கை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் காவேரிதான்.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

"நிச்சயதார்த்தம்மா" என்றார் தீர்த்தகிரி.

"உங்க பொண்ணு அங்க நின்னா திருப்புவீங்களா, மாட்டீங்களா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். ஓசூர் வரும்வரை நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்கிற மாதிரி. ஜெபம் செய்ய வாய் வரவில்லை. மாதப்பனின் துண்டுதான் கண் முன்னால் ஆடியது.

கோட்டைச் சுவர் ஓரத்தில் மூன்று பேர் நின்றார்கள். காவேரி, கையில் குழந்தையோடு ஒரு பெண், தலையில் அடித்துக்கொண்டிருந்த முனிலட்சுமியின் அம்மா. முனிலட்சுமி ரிப்பனைத் தானே அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் இரண்டு அடியும் வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே போனாள்.

காவேரியை அறையத்தான் கையை ஓங்கினேன். சென்னம்மாள் குழந்தையை என் முன்னால் நீட்டிவிட்டாள். ஓங்கிய கையில் குழந்தையை வாங்க வேண்டியதாயிற்று. பொக்கை வாய், கறுத்த நிறம், விசிறி மாதிரி விரிந்த இரண்டு பெரிய காது.

"நான் மூணு மணிக்கெல்லாம் கொண்டாந்து விட்டுட்டேங்க. பஸ்ஸக் காணோம். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சரம்மா. என் படிப்பு நின்னது போதும். அவளாச்சும் படிக்கட்டும்" என்றாள் சென்னம்மாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது நிறுத்தப்பட்டவளாம். பாதியில் நின்ற படிப்பில் அவளுக்கு இன்னும் ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. குழந்தையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவளைப் பார்க்காமல், "ஏறுட்டி மேலே" என்று காவேரியிடம் கத்தினேன்.

திரும்பும் வழியெல்லாம் பொய்யைக் கட்டினேன். டயர் பஞ்சர். சூளகிரிக்கு அருகில். மாற்ற இரண்டு மணி நேரம். இருபத்தொரு பேரிடமும் சத்தியம் வாங்கினேன். தீர்த்தகிரியிடம் கெஞ்சினேன். காவேரியை என் பக்கத்தில் உட்கார வைத்து முகம் கழுவச் சொல்லி, புடவைத் தலைப்பால் நானே துடைத்தேன். ஜெயசெல்வி அவளுக்குச் சடையை மடித்து ரிப்பன் கட்டினாள். பாவாடையில் இருந்த பால் கறையைத் தேய்த்துப் போக்கினோம். பஸ்ஸுக்குள் ஏதோ நல்ல வாசனை அடித்தது. வழியில் தோட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பள்ளி வாசல் பல்பின் கீழே மாதப்பன் நின்றுகொண்டிருந்தார். ஐந்து மணியிலிருந்து நிற்கிறாராம்.

"பஞ்சர்" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காவேரியைத் திருப்பி அவள் தலையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு சடைக்கும் நடுவில் ஒரு சாண் பூச்சரம். எங்கள் வீடு பெந்தெகொஸ்தே சபை. பெண்கள் பூ வைப்பதில்லை, பிறந்ததிலிருந்து நான் வைத்ததில்லை. பால் கறையைக் கண்டுபிடித்த என் கண்ணுக்கு அந்தப் பூ தெரியவே இல்லை. பூ வைத்த தலை அந்த ஊரில் சகஜம், அதனால் எந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் ஓசூர்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

அவர் இறங்கி நின்ற மற்ற பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். காலையில் வைத்த பூ வாடி நாராகியிருந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு மகள் தலையிலிருந்து சரத்தை மெதுவாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலு கனகாம்பரத்துக்கு ஒரு தவனக் கொழுந்து. வாழநாருல ரெட்ட முடி. இது எங்க ஊட்டுக் கட்டு டீச்சரம்மா. இவ அம்மா கட்டுவா. அவ சொல்லிக் குடுத்து இன்னொருத்தி கட்டுவா. கடையில இப்படிக் கட்ட மாட்டாங்க."

காவேரி அழவில்லை, நிமிர்ந்து நின்றாள். முடிந்தது, இந்தப் பிள்ளையின் படிப்பை என் வாயாலும் என் கணக்காலும் நானே முடித்து வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இனிப் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலங்க. நான் சரியா எண்ணல. பிள்ளைய நிறுத்திராதீங்க" என்றேன்.

தீர்த்தகிரி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பெண்கள் ஒவ்வொருவராக வீட்டாரோடு கிளம்பினார்கள்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் மாதப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரை?"

"கொழந்தைய."

"கையில வாங்கினேன்."

"யாரு ஜாடை?"

நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். தலையின் இரண்டு பக்கமும் விரிந்து நின்ற காதுகள். எட்டு மாதமாக இந்த மனிதரைப் பார்க்கிறேன், அன்றுதான் கவனித்தேன்.

"காது உங்க காதுங்க" என்றேன்.

அவர் கை தானாகக் காதுக்குப் போனது. உடனே அதைக் கீழே இறக்கிக்கொண்டார். பூச்சரத்தைத் துண்டின் முனையில் வைத்து, கசங்காமல் முடிந்தார். "இவ அம்மாகிட்ட காட்டணும்" என்றார், யாரிடமென்று இல்லாமல். காவேரியிடம், "உள்ள போயி சாப்புடு. பரிச்சைக்குப் படி" என்றார். அவள் விடுதிக்குள் ஓடினாள்.

கேட் வரை போனவர் திரும்பி வந்தார். துண்டு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"டீச்சரம்மா, வர்ற வருசமும் பிள்ளைங்கள எங்கனா கூட்டிக்கினு போவீங்களா?"

"போவோம்ங்க. எங்கேன்னு இன்னும் யோசிக்கல."

"ஓசூருக்கே போங்க" என்றார்.