சுட்டெண்ணுக்கு யார் கடிதம் கொடுப்பார்

சுல்பிகாவிடம் பட்டம் இருந்தது. இரண்டாம் வகுப்பு, அதுவும் மேற்பிரிவு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்' என்று எழுதித்தர ஒரு விரிவுரையாளர். அந்தக் கடிதம் இல்லாமல் முதுகலைமாணி விண்ணப்பத்தைத் தொட்டும் பார்க்க மாட்டார்களாம். முடிவுத் தேதி நாளைக்கு.

உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழகத்துக்கு எடுபடத் தேவையான இஸட் புள்ளி மயிரிழையில் தவறியதால் அவள் வெளிவாரி, வகுப்புக்குப் போகாமல் பரீட்சை மட்டும் எழுதுகிறவள். மூன்று வருடப் படிப்பு. பரீட்சையைத் தள்ளித் தள்ளி வைத்தே அதை ஆறு வருடமாக்கினார்கள். சாய்ந்தமருது வீட்டில், உம்மாவின் தையல் மெஷின் கடகடக்க, போட்டோக்கொப்பி நோட்டுகளை வைத்துக்கொண்டு தானாகவே படித்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்த மேர்சியாவுக்கு உள்வாரி கிடைத்தது. மேர்சியா ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டாள், மறுநாளே அவளுக்குப் படிப்பித்த இரண்டு சேர்மாரின் கடிதம் வந்து விழுந்தது. சுல்பிகா தலைகீழாக நின்றாலும் அது நடக்காது. அவள் யாருக்குச் செய்தி போடுவது? போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கா?

கடைசியில் வெட்கத்தை விட்டு, இரண்டு பஸ் மாறி, பல்கலைக்கழகத்தில் அவளுடைய பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்துகிற தேவராசா சேரின் அறைக்கே போனாள். மனிதர் நல்லவர். கதிரை காட்டினார், பொறுமையாகக் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துகிறவரோடு என்றால் சண்டையாவது பிடிக்கலாம்.

"எந்த வருசம் எழுதினீங்க பிள்ள? பரீட்சைச் சுட்டெண் என்ன?"

சொன்னாள். அந்த எண்ணைக் கேட்டதும் அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாள்கட்டை எடுத்தார். மேல் மூலையில் அவளுடைய சுட்டெண். கீழே அவளுடைய கையெழுத்து.

"இது நீங்களா? நாலு வருசமா மாதிரி விடையெண்டு என்ட பிள்ளைகளுக்கு இதத்தானே குடுக்கிறன்."

சுல்பிகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இனிக் கடிதம் கிடைத்த மாதிரித்தான் என்று அதற்கான படிவத்தை நீட்டினாள். அவர் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தார். 'இவருக்கு எத்தனை வருடம் கற்பித்தீர்கள்?' என்ற இடத்தில் பேனை நின்றது.

"நான் உங்களுக்குப் படிப்பிக்கல்லையே பிள்ள. பொய் எழுத ஏலாதே."

ஆறு வருடத்து ஆத்திரம் முழுவதும் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப, ஒங்கட புள்ளைகளுக்கு நான் நாலு வருசம் படிப்பிச்ச எண்டு எழுதுங்க சேர்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அதுக்கு இதில கட்டம் இல்லயே."

சுல்பிகா படிவத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"பின்பக்கம் வெறுமையாத்தான் இரிக்கி, சேர்" என்று சொல்லிவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.