செட்டுக்கு நாற்பத்தோரு சீட்டு

அகராதி ஆபீஸில் யாரும் தொட விரும்பாத வேலை, சின்ன வினைச்சொற்கள்தான். பெரிய சொல் சாது. ஒரு அர்த்தம், ஒரு உதாரணம், ஆளை விட்டுவிடும். மூன்றே எழுத்துள்ள ஆங்கில வினை தலையில் விழுந்தால் வருஷமே போய்விடும். எனக்கு வாய்த்தது 'செட்'. பதினொரு மாதமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். சூரியன் மறைவதும் அதுதான், சிமெண்ட் இறுகுவதும் அதுதான். மேஜையில் தட்டு வைப்பது, கடிகாரத்தில் நேரம் வைப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, பயணம் கிளம்புவது, தீ வைப்பது, எல்லாம் அந்தத் துக்கடாச் சொல்லின் தலையில். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? 'அந்த வேலை எனக்கு செட் ஆகல' என்று அதன் சுமையைக் கூட்டிவிட்டார்கள்.

அண்ணனுக்கு மிஞ்சியதும் அந்த ஒரு சொல்தான்.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். "செட் ஆகட்டும், மிதிக்காதீங்க!" என்று முப்பது வருஷம் கத்தியே வேலை பார்த்தவன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. பத்தாம் நாள் வாய் திறந்து "செட்" என்றான். தண்ணீர் கொடுத்தாலும் செட், போர்வையை இழுத்தாலும் செட். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வராந்தாவில் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஆறு வாரம் கெடு வைத்தாள். "நாம பேசறது இவருக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா பயிற்சி தொடரும். சும்மா வாய் அந்தச் சத்தத்தைப் போடுதுன்னா, இந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க" என்றாள். படங்களைக் காட்டி, "சார், குடை எது?" என்று கேட்டாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை என்றால் அவனுக்கு ஆகாது.

அண்ணி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். "பாத்தியா, குடைக்கும் செருப்புக்கும் வித்தியாசம் தெரியல. இந்த மாதிரி ஆளுங்களைப் பாத்துக்கற விடுதி ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கேன். ஆறு வாரம் முடிஞ்சதும் சேத்துடலாம். அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

"மெதுவா பேசுங்க அண்ணி."

"அவருக்கென்ன, புரியவா போகுது?"

அவனுடைய கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்று அவள் விரல்கள் வெடித்துப்போயிருந்தன. திட்டவும் மனம் வரவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு எடுத்துவந்தேன். ஒவ்வொன்றிலும் மேலே தேதி, நடுவில் அவன் 'செட்' சொன்னபோது நடந்த காரியம், கீழே அர்த்தம். இரண்டு நாளில் ஆவல் தலைக்கேறிவிட்டது. இழுத்துச் சொன்னால் போதும். வெட்டிச் சொன்னால் வேண்டாம். அடுக்கடுக்காகச் சொன்னால் சீக்கிரம். அண்ணி போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கால் ஒரு செட் போட்டான் பாருங்கள், அதற்குச் சர்க்கரை இல்லை என்று பொருள். ஆபீஸ் 'செட்' அங்கேயே கிடந்தது. பஸ்ஸில் போகும்போதுகூட இந்த 'செட்'தான் காதில். கெடு முடியும் நாளன்று கையில் நாற்பத்தோரு சீட்டு, பன்னிரண்டு பிரிவு.

பயிற்சி அறையில் அவற்றை மேஜைமேல் பரப்பி, வக்கீல் மாதிரி வாதாடினேன். அண்ணி சுவரோரம் கைகட்டி நின்றாள். பயிற்சிக்காரப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நீங்க நெனச்ச அர்த்தம்தானே? அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

என் முகம் செத்துவிட்டது. எங்கள் ஆபீஸில் முதல் நாளே சொல்லிவிடும் விதி அது. ஒருவர் பேச்சிலிருந்து எடுத்த சீட்டை அவரிடமே படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் அது பெட்டிக்குள் போகும். முன்பின் தெரியாத பஸ் டிரைவரிடமெல்லாம் காத்துக்கிடந்து படித்துக் காட்டியிருக்கிறேன். கூடப்பிறந்தவனிடம் படிக்கத் தோன்றவில்லை. இவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும்தான் நினைத்திருக்கிறேன். குறை மட்டும் அண்ணியைச் சொன்னேன்.

ஒரு சீட்டை எடுத்தேன். "மூணாம் தேதி. ஜன்னலைச் சாத்தினேன். அர்த்தம், குளிருது."

அண்ணனின் இடது கை மெல்ல வந்து சீட்டைத் தரையில் தள்ளியது.

"தலகாணியை நகர்த்தி வெச்சேன். அர்த்தம், நன்றி."

அதுவும் தரைக்குப் போனது.

"நன்றி இல்லையா? அப்புறம் என்னவாம்?" என்றேன்.

அடுத்த மூன்றும் அதே கதி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா, ராப்பகலா உக்காந்து எழுதியிருக்கேன், உனக்கு எகத்தாளமா இருக்கா?" என்று கத்திவிட்டு அடுத்ததைப் படித்தேன். "காபி. அர்த்தம், சர்க்கரை இல்லை."

அதை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

பயிற்சிக்காரப் பெண் எழுந்துவிட்டாள். அந்தச் சீட்டையே எடுத்து, முகம் மாறாமல், "காபி. அர்த்தம், ரொம்ப நல்லா இருக்கு" என்று படித்தாள். அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரைக்குத் தள்ளினான்.

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது தரையில் முப்பது, மேஜையில் பதினொன்று. "தப்பா படிச்சா பிடிச்சுடறார். நாம பேசறது இவருக்குப் புரியுது. பயிற்சி தொடரும்" என்றாள் அவள். நான் மானம் போனதை மறந்து கைதட்டினேன்.

அண்ணி கைதட்டவில்லை. குனிந்து சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப... விடுதியப் பத்தி நான் பேசினது? அதெல்லாம் புரிஞ்சுதா உங்களுக்கு?"

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "செட்" என்றான்.

இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. என் பன்னிரண்டு பிரிவில் எதிலும் அது சேராது. பழக்க தோஷம், கை தானாகப் பேனாவைத் தேடியது.

"அண்ணி, என்ன சொல்றான்?"

அவள் தரையிலேயே உட்கார்ந்து, அவனுடைய விழுந்த கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்குச் சொன்னது. நீ எழுதாத."