ஐந்தாம் நாள் ஜன்னல்

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நாங்கள் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதில்லை. விளக்கும் கட்டுவதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. என் மனைவி ஹனீன் இறந்து ஒன்பது மாதம். அவள் வாங்கிய விளக்குச் சரம் அலமாரியின் மேல்தட்டில், அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. ஹைஃபாவில் எங்கள் சந்தில் ஒவ்வொரு டிசம்பரும் அந்தச் சரம்தான் எங்கள் பால்கனியிலிருந்து எதிர்வீட்டு டாலியாவின் பால்கனிக்குப் போகும்.

டாலியா யூதர். ஹனுக்கா பண்டிகையின் எட்டு நாளும் பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார், நாளுக்கு ஒன்று கூட்டி. என் மகள் ஜுமான் எண்ணக் கற்றது அந்த ஜன்னலைப் பார்த்துத்தான். கற்றுக்கொடுத்தவள் ஹனீன்.

ஐந்தாம் நாள் மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜுமான் எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஐந்து நாளாகத் திரை மூடியே இருந்தது. வெளிச்சமே இல்லை.

"அப்பா, டாலியா அத்தையும் செத்துட்டாங்களா?"

குழாயை மூடினேன். இருட்டாக இருந்தால் சாவு. நான்தான் அவளுக்கு அப்படிக் காட்டியிருக்கிறேன்.

சந்தின் எதிர்ப்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். டாலியா கையில் மாவோடு திறந்தார். சமையலறை மேடையில், பிரிட்ஜுக்குப் பின்னால், ஐந்து மெழுகுவர்த்திகளும் அவற்றை ஏற்றும் ஆறாவதும் எரிந்துகொண்டிருந்தன. ஊருக்குத் தெரிய வைக்க வேண்டிய விளக்கு அது. துக்க வீட்டுக்கு எதிரே ஏற்றினால் மரியாதையாக இருக்காது என்று கீழ்க்கடை வஸ்ஃபியும் அவரும் பேசி முடிவெடுத்தார்களாம். வஸ்ஃபி முஸ்லிம். கிறிஸ்தவர்களின் துக்க முறை தனக்கு அத்துப்படி என்று அடித்துச் சொன்னாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன் மூஞ்சியப் பார்த்தா கேக்கத் தோணுதா?"

ஜுமான் கேட்டதைச் சொன்னேன். டாலியா மேடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இத என் நாத்தனார்கிட்ட சொல்லிடாதே. சந்தோஷப்படுவா."

விளக்கை ஜன்னலுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். ஏற்றியதை எரியும்போது இடம் மாற்றக் கூடாது, நாளைக்கு ஜன்னலில் ஏற்றுகிறேன் என்றார். நாளை வரை என் மகள் எதை நினைத்துக்கொண்டு தூங்குவாள்? திரையை விலக்கி, அறை விளக்கைப் போட்டு, ஜன்னலில் வந்து நிற்கச் சொன்னேன். மாவுக் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பியபோது ஜுமானும் கையாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் அறை இருட்டாக இருந்தது.

"நாம சாகலைன்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அட்டைப் பெட்டியை இறக்கினேன்.

வஸ்ஃபியிடம் ஏணி கேட்டேன். கொண்டுவந்தார். இன்னும் வருடம் முடியவில்லையே என்று இழுத்தார்.

"உங்கம்மா வந்தா என்னத்தான் கிழிப்பாங்க."

"உங்களத்தானே. ஏணியப் பிடிங்க."

சரத்தின் நடுவில் இரண்டு முழம் எரியவில்லை. புதிது வாங்க வேண்டும் என்று ஹனீன் போன வருடமே சொன்னாள். டாலியா தன் பக்கத்து முனையைக் கம்பியில் இறுக்கிக் கட்டினார். ஜுமான் எரிகிற பல்புகளை எண்ணத் தொடங்கினாள். எட்டுக்கு மேல் அவளுக்கு வராது என்று நினைத்திருந்தேன். முப்பத்தொன்று வரை போனாள்.